மறைத்த பெட்டியில் ஒரு ஊர்

ஆளைக் காணோம் என்று வந்த வழக்கில் அதுவரை கிடைத்த ஒரே தடயம், ஒன்றுமே இல்லாத ஒரு கம்ப்யூட்டர் திரை. ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கியவள் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மேலே ஒரு பட்டை, ஓரத்தில் ஒரு பட்டை, நடுவில் துடைத்துவிட்ட தரை போல வெறும் வெள்ளை.

“இதைக் காட்டவா தம்பி மாடி ஏறி வரச் சொன்னீங்க? என் முழங்காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

கம்ப்யூட்டர்காரன் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, ஊரில் பாதிக் கடைகளின் இணையதளங்களை அவன்தான் பராமரித்து வந்தான். மேஜை முழுக்க ஒயர்கள், கறை படிந்த காபிக் கோப்பைகள், எந்தப் பெட்டிக்கும் சேராத மூடிகள். ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் எதுவோ இருந்தது, அதன் மேல் வேறு எதுவோ இருந்தது.

ரேடியோவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது, ஒரு வார்த்தை கேட்டவர்களுக்கு ஒன்பது வார்த்தை சொல்லி, நோயாளிகளின் சொந்தக்காரர்களை அழவும் சிரிக்கவும் வைத்து, கடைசியில் வேலையை விட்டுப் போகச் சொல்லும்படி ஆனவள். அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட துப்பறிவாளர் அதற்கு நேர் எதிர். தீப்பிடித்த கடைகளுக்குப் போய், தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். சாம்பலோடு பழகியதாலோ என்னவோ, பேச்சைக் காசு போல எண்ணிச் செலவழிப்பார். அவருக்கு மௌனி என்று பெயர் வைத்தவள் ரேடியோதான்.

வழக்கு இதுதான். ஒரு பல் டாக்டரின் மனைவி மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவள், திரும்பவில்லை. சட்டை, கவுன், குழந்தை உடுப்பு எல்லாம் தைப்பதற்கான வெட்டுப் படங்களை வரைந்து, தன் இணையதளத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தவள். ஆள் போன பிறகும் தளத்தில் புதிய படங்கள் வந்துகொண்டிருந்தன. கூடவே, ‘நலமாக இருக்கிறேன்’ என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி. அவளைப் பெற்றவள் தினமும் காலையில் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பல் தேய்க்கவே போகிறாளாம். மேஜரான பொம்பளை, உயிரோடு இருக்கிறாள், எழுதுகிறாள், இதில் நாங்கள் என்ன தேடுவது என்று போலீஸ் கையைக் கழுவிவிட்டது. டாக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதுவது என் மனைவி இல்லை, அவளை யாரோ என்னவோ செய்துவிட்டு அவள் பெயரில் எழுதுகிறார்கள் என்று மௌனியின் எதிரில் உட்கார்ந்து அழுதார். மெல்லிய குரல். கண்ணைத் துடைத்த கைக்குட்டையைக்கூட நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரேடியோ அன்றே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

அந்தத் தளத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டு டாக்டர் பல முறை வந்ததாகவும், தான் தரவில்லை என்றும் கம்ப்யூட்டர்காரன் சொன்னான். ஒருவருடைய கணக்கை இன்னொருவருக்குத் திறந்து காட்டுவது தொழில் தர்மம் இல்லையாம். இப்போது திறந்திருப்பதுகூட, ஆளே உயிரோடு இல்லையோ என்று இவர்கள் சொன்னதால்தான்.

“உள்ள நுழைஞ்சதும் முதல்ல வர்ற பக்கம்க்கா இது. டாஷ்போர்டு. தளம் ஆரம்பிக்கறப்போ சாஃப்ட்வேர்காரனே அதுல சில பெட்டிகளை வெச்சுத்தான் தருவான். வாங்க வாங்கன்னு ஒரு பெட்டி, குறிப்பு எழுத ஒரு பெட்டி, செய்திக்கு ஒரு பெட்டி. விட்ஜெட்னு சொல்லுவோம். யாருக்கும் அதனால ஒரு உபயோகமும் இல்ல. ஆனா யாரும் எடுக்கவும் மாட்டாங்க. வாடகை வீட்டுல ஓனர் விட்டுட்டுப் போன பீரோ மாதிரி கிடக்கும்.”

“இதுல பீரோவைக் காணோமே.”

“அதான். ஒண்ணு விடாம எடுத்திருக்காங்க.”

அருகில் நின்றிருந்த மௌனி அவனுடைய சொந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தான். பெட்டிக்கு மேல் பெட்டி, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை, என்றைக்கோ அனுப்பி வைத்த வாழ்த்து. மேஜையைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. ஒருவர் பெட்டியை எடுத்தால் அது அவருடைய லாகினில் மட்டும்தான் மறையும், மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும் என்று அவனே விளக்கினான். ஆக, எடுத்த கை அவளுடைய லாகினில் உட்கார்ந்த கைதான்.

“அந்தம்மாவே வீட்டுல இருந்தப்போ எடுத்திருக்கலாமே,” என்றாள் ரேடியோ. “இதுல என்ன துப்பு இருக்கு?”

மௌனி கம்ப்யூட்டர்காரனின் திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“இதுல எது கடைசியா வந்தது?”

கம்ப்யூட்டர்காரன் ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினான். தளம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சொல்லும் பெட்டி. மழை விட்ட பிறகு வந்த அப்டேட்டில்தான் அது புதிதாக வந்தது. சொல்லி முடித்ததும் அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் புதுப் பெட்டியும் அவள் திரையில் இல்லை. பழைய பெட்டிகளை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் மழைக்குப் பிறகு வந்ததை எடுத்த கை, இப்போது எழுதுகிற கை. வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகாமல், முற்றத்தில் விழுந்த இலையைப் பொறுக்குவது போல, வேண்டாத ஒரு பெட்டியைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் எழுதவே உட்கார்ந்திருக்கிறது.

“எழுதறவங்களுக்குக் குப்பை ஆகாது,” என்றார் மௌனி. “காணாமப் போனவங்க எப்படின்னு தெரியணும். ரெண்டும் ஒத்துப்போனா அவங்க உயிரோட இருக்காங்க. ஒத்துப்போகலைன்னா இல்ல.”

அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. அதோடு நிற்காமல், எடுத்த பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றான் கம்ப்யூட்டர்காரன். பெட்டியை எடுப்பது என்று சொல்கிறோமே தவிர, அது எங்கேயும் போவதில்லை, திரை போட்டு மறைத்த மாதிரிதான். அவன் ஒவ்வொன்றாக டிக் அடிக்க, வெள்ளைத் தரையில் பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. கடைசியாக வந்தது செய்திப் பெட்டி. அதன் தலையில், ‘உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் கூட்டங்கள்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஓர் ஊரின் பெயர்.

அது இந்த ஊர் இல்லை. தெற்கே, கடலோரத்தில், உப்பு விளையும் ஒரு சின்ன ஊர்.

“நெட்டு எங்கேயிருந்து வருதுன்னு பார்த்து அதுவே ஊரைப் போட்டுக்கும்,” என்றான் கம்ப்யூட்டர்காரன் தாழ்ந்த குரலில். “மறைச்ச பிறகு புதுசா எதையும் தேடாது. கடைசியா எந்த ஊர்ல திறந்திருந்ததோ, அதையே வெச்சிருக்கும்.”

ரேடியோவுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. மௌனி டாக்டரிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லி அவளைக் கீழே அனுப்பினார். உங்கள் மனைவி பொருள்களை ஒழுங்காக வைப்பாரா, மாட்டாரா? அவ்வளவுதான். கண்ணால் பார்க்காத வரை கட்சிக்காரரிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது அவருடைய பழைய விதி. ரேடியோவுக்கு அது மனப்பாடம்.

டாக்டர் முதல் மணியிலேயே போனை எடுத்தார். கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் நிதானித்தார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றார். ரேடியோ திரையைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொன்னால் தப்பில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

“ஐயோ, அவளா? எடுத்த பொருளை எடுத்த இடத்துல வெச்சதே கிடையாதும்மா. வீடு முழுக்க நூலும் துணியுமாத்தான் கிடக்கும். நான் சொன்னேன்ல, அது அவ இல்ல.” குரல் உடைந்தது. “எங்க கொண்டுபோய்ப் பொதைச்சாங்களோ தெரியலையே. அந்த இடத்தையாவது கண்ணால பார்த்துட்டா போதும்மா.”

ஓர் ஆண் அழுதால் ரேடியோவுக்குத் தாங்காது. அழாதீங்க டாக்டர், நெருங்கிட்டோம், ஊரே தெரிஞ்சுபோச்சு என்றாள். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தார். அந்தச் சும்மாவை ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. ஊரின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

மாடிக்கு வந்து, மனைவி ஒழுங்கு கிடையாதாம் என்பதை மட்டும் மௌனியிடம் சொன்னாள். அப்படியானால் அவள் உயிரோடு இல்லை. கம்ப்யூட்டர்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மௌனி உடனே உப்பு ஊருக்குக் கிளம்பவில்லை. அந்த ஒழுங்கீனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

டாக்டரின் வீடு மாடியில், கிளினிக் கீழே. வரவேற்பு மேஜையில் இருந்த பெண், டாக்டர் இப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார், இன்றைக்கு வரவேண்டியவர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டார் என்றாள். மேடத்தின் தையல் அறையை அவர்களுக்குக் காட்டலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அந்தப் பெண்ணே சாவியோடு கூட வந்தாள். வந்தவள் பேசிக்கொண்டே வந்தாள்.

“மேடம் பாவம், அடிக்கடி விழுந்துடுவாங்க. முன்பல் ரெண்டும் போயிடுச்சு. டாக்டரே அளவெடுத்து, கழட்டி மாட்டற செட்டு ஒண்ணு அவர் கையாலயே செஞ்சு கொடுத்தார். வேற யார்கிட்டயும் காட்ட விடலை. அவ்வளவு பாசம்.”

ரேடியோவுக்கு ஒரு கிண்டல் வாய்வரை வந்து, அப்படியே நின்றது.

தையல் அறையில் கால் வைக்க இடமில்லை. இழுப்பறைகள் கவிழ்ந்து கிடந்தன. நூல்கண்டுகள் சிக்கலாகி, துணிகளோடு பின்னிக்கொண்டிருந்தன. டாக்டர் சொன்னது சரிதானே என்று ரேடியோ நிம்மதியாக மூச்சுவிடப் போனாள். மௌனி தரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஒரு பலகை. பலகை முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே, அதில் தொங்க வேண்டிய பொருளின் வடிவம் மெல்லிய கோடாக வரையப்பட்டிருந்தது. பெரிய கத்தரி, சின்னக் கத்தரி, அளவு நாடா, வளைகோல். கவிழ்ந்த இழுப்பறைகளின் உள்ளே, பொத்தான்களுக்கு அளவுவாரியாக அட்டைத் தடுப்புகள். கத்தரி எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போட்டு வைத்தவள், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காதவளா? இது அவள் போட்ட குப்பை இல்லை. அவள் போன பிறகு, எதையோ வெறியோடு தேடிய ஒருவர் போட்ட குப்பை.

மௌனி கதவைச் சாத்தி, அதன் உட்பக்கத்தைத் தடவினார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துளைகளை அடைத்து வர்ணம் பூசியிருந்தது. வெளிப்பக்கத்தில் கனமான புதுத் தாழ்ப்பாள்.

“வெளியிலேர்ந்து பூட்டற தையல் ரூம்,” என்றார்.

அழுத மனிதர், மடித்த கைக்குட்டை, மென்மையான குரல் எல்லாம் ரேடியோவின் கண் முன்னால் திரும்பி நின்று வேறு முகம் காட்டின. டாக்டரின் மனைவி உயிரோடு இருக்கிறாள். அவள்தான் எழுதுகிறாள். இந்த ஆளிடமிருந்து ஒளிந்து எழுதுகிறாள். போலீஸ் தேடாது, கம்ப்யூட்டர்காரன் தரமாட்டான் என்றான பிறகு, மோப்பம் பிடிக்க அவர் பிடித்த நாய்கள்தான் நாம் என்று ரேடியோவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்?

“சார், நான் ஊர் பேரைச் சொல்லிட்டேன்.”

மௌனி அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“கூப்பிடுங்க,” என்றார். “பேசிப் பேசித் திருப்புங்க.”

டாக்டர் கார் ஓட்டிக்கொண்டே எடுத்தார். ரேடியோ அவரைப் பேசவே விடவில்லை. மன்னிப்புக் கேட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள், கம்ப்யூட்டர்காரனைக் கண்டபடி ஏசினாள். அந்தத் தடிமாடு போன மாதம் மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில் உட்கார்ந்து தளத்தைப் பழுது பார்த்தானாம், அந்த ஊர்தான் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், மாமியார் விருந்தில் மயங்கி இதைச் சொல்லவே மறந்துவிட்டானாம். இப்போதுதான் சரியாகத் தோண்டி எடுத்தோம், உண்மையான இடம் வடக்கே, அணைக்கட்டு இருக்கும் ஊர் என்றாள்.

எதிர்முனையில் வண்டியின் வேகம் குறைவது கேட்டது.

“அவ லாகின்ல உக்காந்து அவன் ஏம்மா பழுது பார்க்கணும்?”

கெட்டிக்கார ஆள். ரேடியோவின் குரல் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ மோசமான செய்திகளைப் பதமாகச் சொன்ன குரல்.

“அதைத்தான் டாக்டர் எங்க சாரும் கேட்டார். படம் சரியாத் தெரியலைன்னு ஆளுங்க புகார் பண்ணியிருக்காங்க. அவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பார்க்க அவங்க லாகின்லயே போனானாம். நான் அவனை உங்ககிட்டயே பேச வைக்கட்டுமா? மூஞ்சியைப் பார்த்தீங்கன்னா, பல்லைப் பிடுங்கற வேலையைப் போன்லயே முடிச்சிடுவீங்க.”

அவர் மெதுவாகச் சிரித்தார். சரிம்மா, திரும்பிடறேன், நீங்க அணைக்கட்டுப் பக்கம் தேடுங்க, நான் அவ அம்மா வீட்டுல இருக்கேன் என்றார். நம்பினாரா, நம்புகிற மாதிரி நடித்தாரா என்று போனில் எப்படித் தெரியும்? மௌனி ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்.

உப்பு ஊரில் ஒரே ஒரு பொத்தான் கடைதான் இருந்தது. தைக்கிறவள் எந்த ஊரில் ஒளிந்தாலும் பொத்தானும் நூலும் வாங்கித்தானே ஆக வேண்டும்? கடைக்காரருக்கு அவளை நன்றாகத் தெரிந்தது. பொத்தானைக் கொட்டி, ஒரே அளவாகப் பொறுக்கித்தான் எடுப்பார் என்று அலுத்துக்கொண்டு, வீட்டைக் கை காட்டினார். தெரு முனையில் டாக்டரின் கார் நிற்கிறதா என்று ரேடியோ தேடினாள். இல்லை.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. பின்னால் ஒரே அறை, ஒரு மெஷின், சுவரில் சாக்பீஸால் வரைந்த கத்தரி வடிவம், அதன் மேல் தொங்கும் கத்தரி. யார் என்று சொன்னதும் அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். ரேடியோ காலை நடுவில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வாயால் ஊர் வெளியே போனதையும் சொன்னாள்.

“அந்தப் பெட்டியை நான் எடுத்துட்டேனே,” என்றாள் அவள். “இங்க வந்து முதல் நாள் திறந்தப்போ இந்த ஊர் பேரு இருந்தது. பயந்துபோய் உடனே எடுத்தேன். எடுத்தா போயிடும்னு நெனச்சேன்.”

போலீஸுக்குப் போகலாம் என்றாள் ரேடியோ. போன முறை போனபோது, குடும்ப விவகாரம் என்று டாக்டரையே வரவழைத்து, அவர் காரிலேயே ஏற்றி அனுப்பினார்களாம். அதற்குப் பிறகுதான் முன்பல் இரண்டும் போனது. அவள் இதை அழாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே துணிகளை மடித்துப் பையில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். இந்த ஊரில் மெஷின் வாங்க அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று ரேடியோ நினைத்தாள். அதை எடுத்துக்கொண்டு போக முடியாது.

மௌனி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

“நான் போற இடம் உங்களுக்கும் தெரியக் கூடாது. தளத்தையும் இன்னிக்கே மூடிடறேன். ஆனா நான் எங்க போனாலும் அவர் விடமாட்டார். நான் இருக்கேன்னு நம்பிக்கிட்டிருக்கற வரைக்கும் விடமாட்டார்.” அவள் ரேடியோவைப் பார்த்தாள். “எழுதறது நான் இல்ல, நான் செத்துட்டேன்னு அவரே உங்ககிட்ட சொன்னார்ல? அது நிஜம்னு சொல்லிடுங்கக்கா.”

“சொன்னா நம்பணுமே.”

அவள் திரும்பி நின்று, வாயிலிருந்து எதையோ கழற்றி, ஒரு துண்டுத் துணியில் வைத்துச் சுற்றி, மௌனியின் கையில் கொடுத்தாள். இரண்டு பற்கள் பதித்த சின்னத் தகடு. தன் கைவேலையை அவர் நூறு பல்லுக்கு நடுவிலும் அடையாளம் காண்பார் என்றாள். பல் இல்லாமல் அவள் பேச்சு கொஞ்சம் காற்றாக வந்தது.

அம்மாவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரேடியோ கெஞ்சினாள். அவள் பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

“அவர் வாரா வாரம் அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்துக்குவார். எதுவும் பேச மாட்டார். அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டிருப்பார். அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாதுக்கா. நான் இருக்கேன்னு தெரிஞ்சா முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்.” குரல் அப்போதுதான் உடைந்தது. “அம்மாகிட்டயும் நான் செத்துட்டேன்னே சொல்லுங்க.”

மறுநாள் மதியம் மௌனியும் ரேடியோவும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் சொன்னபடி அங்கேதான் இருந்தார். மாமியாருக்கு எதிர் நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது, சார்ஜ் இல்லாததாலா என்று கேட்டாள்.

மௌனி நின்றபடியே சொன்னார். அணைக்கட்டு ஊரில் ஒரு விடுதி. மழைக்காலத்தில் வெள்ளம் வந்த நாளில் அங்கே தங்கியிருந்த டாக்டரின் மனைவி தண்ணீரோடு போய்விட்டார். அடையாளம் தெரியாத உடல் என்று நகராட்சியே எரித்துவிட்டது. அறையில் கூடத் தங்கியிருந்த பெண், வருமானம் போய்விடக் கூடாதென்று அவர் லாகினில் எழுதிக்கொண்டிருந்தாள். விசாரித்ததும் தளத்தை மூடிவிட்டு ஓடிவிட்டாள். ஊரார் சொன்ன பொய்களைச் சாம்பலில் கிளறிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த மனிதர், வாழ்நாளில் முதல் முறையாகத் தானே ஒரு பொய்யைக் கட்டினார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிறகு துணியைப் பிரித்தார். அறையில் கிடைத்தது இது மட்டும்தான் என்றார்.

டாக்டர் தகட்டை எடுத்து, விரலால் ஓரத்தைத் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலைதான் என்றார். குரலில் துக்கம் இருந்ததா என்று ரேடியோவால் சொல்ல முடியவில்லை. அவர் கண் தகட்டிலிருந்து மாமியாரின் முகத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

அம்மா அழவில்லை. போனைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள், கடைசியில் ரேடியோவின் கையைப் பிடித்தாள். பிடித்த கை சில்லென்று இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காதோரம் சொன்னால் போதும். ரேடியோ தன் வாழ்க்கையில் எந்த வார்த்தைக்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

“என் பொண்ணுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாம்மா?”

டாக்டர் இப்போது ரேடியோவைப் பார்த்தார்.

“இனிமே வலிக்காதும்மா,” என்றாள் ரேடியோ.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் வாய்விட்டு அழுதாள். டாக்டர் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு, தகட்டைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.